மேல் தடியை விட்டுவிட்டு வராதே: மைன்கிராஃப்டில் மரம் தேடுவதும் வளர்ப்பதும் வெட்டுவதும்

கருங்கல் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறான்: எல்லாமே பிளாக் என்ற கனசதுரங்களால் ஆன மைன்கிராஃப்ட் ஆட்டத்தில், எல்லாவற்றையும் நாமே தேடிச் சேர்த்து வாழும் சர்வைவல் முறையில் வீடு கட்டத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது, சுற்றி நின்ற மரமெல்லாம் தீர்ந்துவிட்டது. இருபத்தைந்து மரம் வெட்டியும் கையில் நாலே கன்றுதான். அதில் இரண்டு டார்க் ஓக். தனித்தனியாக நட்டு மூன்று நாளாகியும் அப்படியே நிற்கின்றன. வீட்டுக்குள் நட்ட ஓக் கன்றும் வளரவில்லை. மரத்தை எங்கே தேடுவது, எப்படி வளர்ப்பது, எப்படி வெட்டுவது?

தம்பி, இருபத்தைந்து மரம் வெட்டி நாலு கன்றுதான் கிடைத்தது என்றால், நீ எந்த மரத்தையும் முழுசாக வெட்டவில்லை. கைக்கு எட்டிய மூன்று நாலு தடியை (அடிமரத்துண்டை, ஆட்டத்தில் லாக் என்பார்கள்) எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போயிருப்பாய். மேலே ஒன்றிரண்டு தடி இலைக்குள் ஒளிந்து அந்தரத்தில் நின்றிருக்கும். எல்லாரும் தொடக்கத்தில் செய்வதுதான். ஆனால் உன் மரப் பஞ்சத்துக்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

இந்த ஆட்டத்தில் இலைக்குத் தடியோடு ஒரு கணக்கு உண்டு. இலைகள் வழியாகவே எண்ணிப் பார்த்தால் ஆறு பிளாக்குக்குள் ஒரு தடி இருக்க வேண்டும். அப்படி இருக்கும்வரை அந்த இலை உதிராது. தடி முழுவதும் போனபிறகுதான் இலைகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும், அப்போதுதான் கன்று விழும். ஓக், பிர்ச், ஸ்ப்ரூஸ் போன்றவற்றில் ஒரு இலைக்கு 100க்கு 5 என்ற வாய்ப்பு. ஜங்கிள் மரத்தில் அதில் பாதி. ஒரு சின்ன ஓக்கில் ஏறக்குறைய ஐம்பது இலை இருக்கும், ஆக சராசரியாக மரத்துக்கு இரண்டு கன்றாவது வரவேண்டும். இருபத்தைந்து மரத்துக்கு ஐம்பது. மேலே நீ விட்டுவந்த அந்த ஒற்றைத் தடி அத்தனையையும் பிடித்து வைத்திருக்கிறது.

வெட்டும்போது நிற்கிற இடம் முக்கியம். மரத்துக்கு வெளியே நின்று வெட்டாதே. அடித் தடி இரண்டை எடுத்துவிட்டு, அது நின்ற இடத்திலேயே போய் நில். தலையை நேராக மேலே தூக்கி ஒவ்வொன்றாக வெட்டு. சின்ன ஓக்கின் நடுமரம் நாலிலிருந்து ஆறு தடி உயரம்தான், அங்கே நின்றால் உச்சித் தடிவரை கை எட்டும். அப்புறம் உடனே ஓடிவிடாதே. இலை உதிரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பக்கத்து மரத்தை வெட்டிக்கொண்டிரு, திரும்பி வந்து விழுந்ததைப் பொறுக்கு. தரையில் விழுந்த பொருள் 5 நிமிடத்தில் மறைந்துபோகும், அதையும் மனதில் வை. அவசரமென்றால் மம்பட்டியை (ஹோ) எடுத்து இலையை அடி. கன்று வேண்டுமென்றால் இலைக்கு மம்பட்டிதான் வேகமான ஆயுதம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. விளையில் களை கொத்துகிற அதே மம்பட்டிதான், அங்கே இலை பறிக்கிறது. ஓக்கிலும் டார்க் ஓக்கிலும் இலையிலிருந்து எப்போதாவது ஆப்பிளும் விழும், 200 இலைக்கு ஒன்று என்ற கணக்கில்.

கோடாலி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வெறுங்கையால் ஒரு தடி எடுக்க 3 விநாடி. மரக் கோடாலியில் 1.5, கல் கோடாலியில் 0.75, இரும்பில் அரை விநாடி. மரக் கோடாலி 59 தடியில் உடைந்துவிடும், கல் கோடாலி 131 வரை தாங்கும், இரும்பு 250. முதல் நாளே நாலைந்து தடி கிடைத்ததும் கல்லுக்கு மாறிவிடு. ஒரு தடி நாலு பலகை, நாலு பலகை ஒரு கிராஃப்டிங் டேபிள் (கருவி செய்யும் மேசை), இரண்டு பலகை நாலு குச்சி. இதற்குமேல் மரக் கருவியில் தடியை வீணாக்க வேண்டியதே இல்லை. நிலக்கரி கிடைக்காவிட்டால் தடியை உலையில் போட்டுக் கரியாக்கு. ஒரு கரித்துண்டு எட்டுப் பொருளைச் சுட்டுத் தரும். தடியையோ பலகையையோ அப்படியே எரித்தால் ஒன்றரைதான். சமையலுக்குப் பச்சைத் தடியை அடுப்பில் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்காது.

இனி வளர்ப்பது. இதில்தான் நான் கொஞ்சம் நிறையப் பேசுவேன், எங்கள் வீடு குலசேகரம் பக்கம், பிறந்ததிலிருந்து ரப்பர் விளைக்குள்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்த மறுநாள் காலை நான் விளைக்குப் போனேன். வரிசை வரிசையாக நின்ற மரங்களில் பாதி, இடுப்பளவில் முறிந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சிரட்டைகள் கம்பியோடு அப்படியே தொங்கின, சிலவற்றில் முந்தின நாள் பால் இருந்தது. தடி வியாபாரி வந்து எடுத்துப்போனபிறகு திரும்பக் கன்று நட்டோம். பால்வெட்டுக்கு அது வர ஏழு வருடம் ஆகும். அந்த ஏழு வருடத்தில் நான் இந்த ஆட்டத்தில் எத்தனையோ காடு வளர்த்துவிட்டேன். ஆட்டத்தில் ஒரு கன்று மரமாகச் சராசரியாக 16 நிமிடம்தான். ஆனால் விளையில் கற்றது அத்தனையும் அங்கேயும் உதவியது: வெளிச்சம், இடைவெளி, ஒரே இனம், அருகில் ஆள். இந்த நாலும் சரியாக இருந்தால் மரம் வரும்.

வெளிச்சம் முதலில். கன்றுக்கு வெளிச்ச அளவு 9 வேண்டும். பகலில் திறந்த வெளியில் அது தானாகக் கிடைக்கும். இரவில் கிடைக்காது, அதனால் இரவு முழுவதும் கன்று சும்மா நிற்கும். வரிசைக்கு இடையே டார்ச் (தீப்பந்தம்) நட்டுவிட்டால் ராத்திரியும் வளரும், ஜாம்பி கீம்பி அங்கே பிறக்காமலும் இருக்கும். உன் வீட்டுக்குள் நட்ட ஓக்குக்கு இரண்டு குறை. ஒன்று வெளிச்சம். மற்றது கூரை. தலைக்குமேல் மரத்தின் உயரத்துக்கு இடம் இல்லாவிட்டால் கன்று மரமாக முயன்று முயன்று தோற்றுப்போகும். கண்ணாடிக் கூரை போட்டால் வெளிச்சம் வரும், ஆனால் இடம் வராது, கண்ணாடியும் அதற்குத் தடைதான். வீட்டுக்குள் வேண்டுமென்றே வளர்ப்பதானால் ஏழெட்டு பிளாக் உயரம் விட்டுக் கட்டு.

ஆள் அருகில் இருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அது இந்த ஆட்டத்தின் விசித்திரம். நீ இருக்கிற இடத்தைச் சுற்றியுள்ள பகுதிதான் உயிரோடு இருக்கும். தொலைவுக்குச் சுரங்கம் தோண்டப் போய்விட்டால் இங்கே ஒரு இலைகூட அசையாது. கைபேசியில் ஆடுகிறாய் என்றால் சிமுலேஷன் டிஸ்டன்ஸ் 4 சங்க் என்று இருக்கும். ஒரு சங்க் 16 பிளாக், ஆக 64 பிளாக்குக்கு அப்பால் விளை உறைந்துவிடும். தூங்குவதும் அப்படித்தான். கட்டிலில் படுத்து எழுந்தால் பொழுது விடியும், ஆனால் அந்த இரவை மரம் வாழவே இல்லை. மூன்று நாள் ஆகியும் வளரவில்லை என்கிறாயே, அந்த மூன்று நாளில் எவ்வளவு நேரம் கன்றுக்குப் பக்கத்தில் இருந்தாய் என்று எண்ணிப் பார். நான் சுரங்கத்தை விளைக்கு நேர் கீழே தோண்டுவேன். கீழே கல் வெட்டும் நேரத்தில் மேலே மரம் ஏறும்.

டார்க் ஓக்குக்கு வருவோம். அது தனியாக நட்டால் எந்தக் காலத்திலும் வளராது. நாலு கன்றை இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாக, ஒட்டி ஒட்டி நட வேண்டும். அப்போதுதான் நாலும் சேர்ந்து ஒரே பெரிய மரமாகும். பேல் ஓக்கும் அப்படித்தான். ஸ்ப்ரூஸும் ஜங்கிளும் ஒற்றையாகவும் வளரும், நாலாக நட்டால் ராட்சத மரமாகவும் வளரும். கையில் இரண்டு டார்க் ஓக் மட்டும் இருப்பதால் அவற்றைப் பெட்டியில் வைத்துவிடு, இன்னும் இரண்டு சேரும்வரை.

என்ன மரம் நடுவது என்று கேட்டால் என் பதில் தயங்காமல் இதுதான்: தொடக்கத்தில் பிர்ச், கை தேறினதும் நாலு கன்று ஸ்ப்ரூஸ். ஓக் கன்று பத்தில் ஒன்று கிளை விட்ட பெரிய மரமாகிவிடும். தடிகள் இலைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்திருக்கும், தேடித் தேடி வெட்ட வேண்டும், ஒன்றை விட்டாலும் இலை உதிராது. பிர்ச் எப்போதும் நேர்குச்சி. ஐந்திலிருந்து ஏழு தடி, அதற்கு மேலும் இல்லை, பக்கக் கிளையும் இல்லை. நான் பிர்ச்சை ரப்பர் போலவே நடுவேன். ஒரே இனம், நேர்வரிசை, கன்றுக்குக் கன்று நடுவில் இரண்டு பிளாக் வெற்றிடம், வரிசை முனையில் டார்ச். நெருக்கி நட்டாலும் வளரும், ஆனால் இலைக்குள் தலை முட்டிக்கொண்டு வெட்ட நேரிடும். பதினாறு மூடு நட்டு, வெட்டி முடித்துவிட்டுப் பக்கத்திலேயே வேறு வேலை பார்த்துத் திரும்பினால் கன்றுகள் திரும்ப மரமாகியிருக்கும். வெட்டின இடத்திலேயே அடுத்த கன்றை ஊன்றிவிட்டு நகர வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். பிறகு நடலாம் என்று நினைத்தால் கை மறந்துபோகும்.

நாலு கன்று ஸ்ப்ரூஸ் என்பது வேறு அனுபவம். வளர்ந்து நிற்பதைப் பார்த்தால் கீரிப்பாறைக் காட்டுக்குள் அண்ணாந்து பார்த்த நினைவு வரும். இருபது பிளாக்குக்கு மேல் உயரம் சாதாரணம். ஒரு மரத்திலிருந்தே நூறு தடியை நெருங்கலாம். இதை வெளியே நின்று வெட்ட முடியாது, மரத்துக்குள்ளேயே ஏறிப் போக வேண்டும். அடிமரம் நாலு மூலை கொண்ட சதுரம். ஒரு மூலையில் அடித் தடியைப் படியாக விட்டு, அதற்கு மேலே மூன்றை வெட்டி உள்ளே நுழைந்து நில். அடுத்த மூலையில் ஒரு பிளாக் உயரத்தில் படி விட்டு, அதற்குமேல் மூன்று வெட்டி ஏறு. மூன்றாம் மூலை, நாலாம் மூலை, திரும்ப முதல் மூலை. சுழல் படிக்கட்டு மாதிரி உச்சிவரை போய்விடும். வெளிப்பக்கம் திறந்தே இருக்கும், விழாமல் பார்த்துக் கால் வை. உச்சியில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டு, இறங்கும்போது ஒரு படி கீழே இறங்கி, அதுவரை நின்ற படியை வெட்டு. இப்படியே தரைவரை. பாட்டி வீட்டில் ஒரு பெரிய அயனி மரம் நின்றது. கூரைக்கும் கரண்ட் கம்பிக்கும் நடுவில். அதை வெட்ட வந்தவர் முதலில் ஏறிக் கொம்புகளைக் கயிறு கட்டி இறக்கினார், பிறகு உச்சியிலிருந்து தடியைத் துண்டு துண்டாகக் குறைத்துக்கொண்டே கீழே வந்தார். வெட்டுகத்தியும் கயிறும் மட்டும்தான். ஒரு ஓடுகூட உடையவில்லை. ஸ்ப்ரூஸில் இறங்கும்போதெல்லாம் அவர் கால் வைத்த விதம் என் கண்ணில் வரும்.

ஸ்ப்ரூஸில் ஒரு எச்சரிக்கை உண்டு. நாலு கன்று நட்டால் இரண்டு விதமான ராட்சத மரம் வரலாம். ஒன்று அடிவரை இலை மூடியது, மற்றது உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை உள்ளது. இரண்டாவது வந்தால் திரும்ப நாலு கன்று கிடைக்காமல் போகலாம். அதனால் ஓரத்தில் ஐந்தாறு ஒற்றை ஸ்ப்ரூஸும் நட்டு வை, கன்றுக்காக மட்டும். ராட்சத ஸ்ப்ரூஸ் வளர்ந்தால் சுற்றியுள்ள புல்தரை பாட்சால் என்ற பழுப்பு மண்ணாகிவிடும். அதில் காளான் எந்த வெளிச்சத்திலும் வளரும் என்பதால் எனக்கு அது லாபம்தான்.

போன் மீல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எலும்புத்தூள். எலும்புக்கூட்டு வீரனைக் கொன்றால் எலும்பு கிடைக்கும், ஒரு எலும்பு மூன்று தூள். கன்று மரமாக இரண்டு கட்டம் தாண்ட வேண்டும். ஒவ்வொரு தடவை தூவும்போதும் ஒரு கட்டம் தாண்ட 100க்கு 45 வாய்ப்பு. சராசரியாக நாலைந்து தூளில் மரம். இதில் கவனிக்க வேண்டியது, நாலு கன்று சதுரத்திலும் இதே நாலைந்து தூள்தான். நாலு கன்றுக்கும் தூவத் தேவையில்லை, ஏதாவது ஒன்றுக்கே தொடர்ந்து தூவு. ஐந்து தூளுக்கு ஐந்து தடி தரும் பிர்ச்சா, நூறு தடி தரும் ஸ்ப்ரூஸா என்று நீயே பார்த்துக்கொள். மிஞ்சிய கன்றையும் இலையையும் எறியாதே. கம்போஸ்டர் என்ற உரப்பெட்டியில் போடு, நிரம்பியதும் ஒரு தூள் தரும். தென்னை மூட்டில் தழை வெட்டிப் போடுவதுபோலத்தான், மரத்திலிருந்து வந்தது மரத்துக்கே போகும். (வாய்ப்புக் கணக்கெல்லாம் கணினியில் ஆடும் ஜாவா பதிப்புக்குச் சொல்கிறேன்.)

இன்னொன்று, நம் மாவட்டத்துக்காரனாக நீ செய்துபார்க்க வேண்டியது. ஓக், பிர்ச், செர்ரி கன்றை, அதே மட்டத்தில் இரண்டு பிளாக்குக்குள் பூச்செடி இருக்கும்படி நட்டால், வளரும்போது தேன்கூட்டோடு வளர 100க்கு 5 வாய்ப்பு இருக்கிறது. மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர், விளைக்கு விளை தேன்பெட்டி வைப்பார்கள். ரப்பரில் தேன் பூவில் இல்லை, இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும், தேனீ அங்கேதான் மொய்க்கும். ஆட்டத்தில் தேனீ பூவைத்தான் தேடும், ஆனால் புகை போட்டால் அடங்குவது இரண்டிலும் ஒன்றுதான். கூட்டுக்குக் கீழே கேம்ப் ஃபயர் மூட்டிவிட்டுக் கண்ணாடிக் குப்பியில் தேன் எடு. பிர்ச் விளைக்கு நடுவில் பூச்செடி வரிசை போட்டு வைத்தால் தடியோடு தேனும் தானாகச் சேரும்.

சரி, மரம் எங்கே தேடுவது. உயரமான இடத்தில் ஏறி நிறத்தைப் பார். கரும்பச்சைக் கூம்புகள் தெரிந்தால் அது டைகா, ஸ்ப்ரூஸ் காடு. காய்ந்த புல் நிறமும் சாய்ந்த மரமும் என்றால் சவானா, அகேசியா. அகேசியா கோணல்மாணலாக வளரும், ஆரஞ்சுப் பலகை வேண்டுமென்றால் மட்டும் அதைத் தொடு. டார்க் ஓக் காடு மேலிருந்து பார்த்தால் இடைவெளியே இல்லாத பாய் மாதிரி இருக்கும். உள்ளே பகலிலும் இருட்டு, ஜாம்பி நடமாடும், ஓரத்தில் நின்றே வெட்டு. செர்ரி மலைச்சரிவில், தூரத்திலிருந்தே இளஞ்சிவப்பாகத் தெரியும், 2023இல் வந்தது. தனியாக ஒரு மரம், இலைக்கு நடுவே பூவோடு நின்றால் அது அசேலியா. வெட்டினால் ஓக் தடிதான் வரும், ஆனால் அதற்கு நேர் கீழே பசுமையான குகை இருக்கிறது என்று அடையாளம். பாலைவனத்திலோ மரமில்லாத தீவிலோ பிறந்துவிட்டால் கவிழ்ந்த கப்பல், கைவிட்ட சுரங்கம் இவற்றின் பலகையைப் பிரித்து எடு. அலைந்து திரியும் வியாபாரி வந்தால் சில நேரம் 5 மரகதத்துக்குக் கன்று விற்பான்.

மாங்குரோவ் (நம்மூர்க் கண்டல்) மட்டும் எனக்குத் தனிப் பிரியம். 2022இல் ஆட்டத்துக்கு வந்தது. மணக்குடிக் காயல் ஓரம் போயிருக்கிறாயா? அங்கே கண்டல் மரத்தில் பச்சைக் கத்திரிக்காய்போல நீளமான ஒன்று தொங்கும். அது காய் இல்லை, மரத்திலேயே முளைத்த கன்று. முனை கூராக இருக்கும், விழுந்தால் சேற்றில் குத்தி நின்றுகொள்ளும். ஆட்டத்திலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். இலையில் போன் மீல் தூவினால் அடியில் ஒரு கன்று தொங்கத் தொடங்கும், நாலு கட்டமாக நீளும், முழுசாக நீண்டபின் பறித்துச் சேற்றிலோ தண்ணீருக்குள்ளோகூட நடலாம். தண்ணீருக்குள் வளரும் மரம் வேறு எதுவும் இல்லை. வேர்கள் தரைக்குமேல் வளைந்து வளைந்து நிற்கும், தடி வெட்டும்போது அவை காலைத் தடுக்கும், பொறுமை வேண்டும். வீட்டை ஆற்றோரம் கட்டியிருந்தால் கரையில் நாலு மூடு நட்டுப்பார்.

மூங்கிலை மரக் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை, ஆனால் ஒன்பது மூங்கில் சேர்த்தால் ஒரு பிளாக், அதிலிருந்து இரண்டு பலகை. நெதர் என்ற பாதாள உலகில் வளரும் சிவப்பு, நீலப் பெருங்காளான்கள் தீப்பிடிக்காது. அடுப்பு, லாவா பக்கத்தில் சுவர் வைக்க அதுவே சரி. பேல் ஓக் 2024 டிசம்பரில் வந்தது. இரவில் அங்கே கிரீக்கிங் என்ற ஒன்று நடமாடும். நீ அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நகராது, கண்ணை எடுத்தால் வரும். பகலில் போய்க் கன்று எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நட்டுக்கொள்.

இப்போது இன்றைக்கு நீ செய்ய வேண்டியது. வீட்டுக்குள் நட்ட ஓக் கன்றைப் பிடுங்கி வெளியே, டார்ச் பக்கத்தில் நடு. டார்க் ஓக் இரண்டையும் எடுத்துப் பெட்டியில் வை. அப்புறம் மண் ஒரு அறுபது பிளாக் எடுத்துக்கொண்டு, நீ வெட்டி வந்த வழியிலேயே திரும்பிப் போ. அந்த இருபத்தைந்து மரத்தின் தலையும் இன்னும் அங்கேயேதான் மிதந்துகொண்டிருக்கும், ஒரு இலைகூட உதிர்ந்திருக்காது. ஒவ்வொன்றின் அடியிலும் குதித்துக் குதித்துக் காலுக்குக் கீழே மண் வைத்து ஏறி, மேல் தடியை எடுத்துவிட்டு இறங்கு. டார்க் ஓக் தலைகளை முதலில் எடு மக்களே, உனக்கு இன்னும் இரண்டு கன்றுதான் வேண்டும்.